யார்க் அருகே நான் படமெடுத்த ஆரஞ்சு நிற அந்துப்பூச்சி அரிய வகைதானா?

இங்கிலாந்தின் யார்க் நகரை ஒட்டிய ஸ்ட்ரென்சால் காமன் புதர்நிலத்தில் ஜூலை மாதக் காலையில் நீங்கள் படமெடுத்த பூச்சி, ‘டார்க் பார்டர்டு பியூட்டி’ (அறிவியல் பெயர் எபியோன் வெஸ்பர்டேரியா) என்ற அரிய வகையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், அதுவேதான், ஆண் பூச்சி.

இதனோடு குழம்பக்கூடியது, பிரிட்டனில் பரவலாகக் காணப்படும் ‘பார்டர்டு பியூட்டி’ ஒன்றுதான். இரண்டும் ஆரஞ்சு நிறம், இரண்டுக்கும் சிறகோரத்தில் கருஞ்சிவப்புப் பழுப்புப் பட்டை, இரண்டின் புழுவும் வில்லோ என்ற செடியின் இலையைத் தின்னும். ஆகவே எந்தச் செடியில் இருந்தது என்பதை வைத்து முடிவு செய்ய இயலாது. பார்க்க வேண்டிய இடம் முன்சிறகின் நுனி. பரவலான வகையில் அந்தப் பட்டை மேலே போகப்போகக் குறுகி, நுனியில் கூராக முடிந்துவிடும். அரிய வகையிலோ அகலம் குறையாமல் நுனியையும் மூடிக்கொண்டு, அதற்குச் சற்று முன்பாகவே சிறகின் முன்விளிம்பைத் தொடும். உங்கள் படத்தில் நுனி முழுவதும் கருமையாக இருக்கிறது. நிறத்தின் ஆழத்தை மட்டும் நம்பி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்; சில நாள் பறந்து தேய்ந்த சிறகில் ஆரஞ்சு வெளிறிவிடும். பெண் பூச்சி எலுமிச்சை மஞ்சளாக இருப்பதால் அதை வேறொரு இனமென்றே பலர் எண்ணிவிடுவதுண்டு.

இங்கிலாந்தில் இது எஞ்சியிருப்பது ஸ்ட்ரென்சாலில் மட்டுமே. அங்கே இதன் புழு, முழங்கால் உயரம்கூட இல்லாமல் தரையோடு படரும் குற்றுவில்லோவைத் தின்கிறது. ஸ்காட்லாந்தில் எஞ்சிய சில இடங்களிலோ ஆஸ்பென் மரத்தின் வேரிலிருந்து முளைக்கும் இளங்கன்றுகளை நாடுகிறது. இரண்டுமே ஆட்டுக்கும் மானுக்கும் வாய்க்கெட்டும் உயரத்தில் இருப்பவை என்பதே இப்பூச்சியின் பெருந்துயரம். குளிர்காலத்தை முட்டையாகக் கழித்து, வசந்தத்தில் பொரிந்து, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பறக்கும் இதற்கு, அந்தத் தளிர்களை மேய்ந்துவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. மேய்ச்சலை அடியோடு நிறுத்தினாலும் புல்லும் பிர்ச் மரமும் வில்லோவை அமுக்கிவிடும்.

ஆண் பூச்சிகள் விடிந்த சிறிது நேரத்தில் தாமாகப் பறக்கும். அதற்குப் பிறகு, நம் கால் பட்டுப் புதர் அசைந்தால் ஒன்று எழும்பி, நாலைந்து அடி தாழப் பறந்து, மீண்டும் இலைகளுக்கிடையே புகுந்துகொள்ளும். நீங்கள் கண்டதும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்நிலம் இராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களமுமாகையால், சிவப்புக் கொடி ஏற்றியிருக்கும் நாளில் பயிற்சிக் களத்துக்குள் செல்லாதீர்கள். பூச்சியைப் பிடிக்காமல், தேதியும் இடமும் குறித்து, சிறகு நுனி தெளிவாகத் தெரியும் படத்தையே அந்த வட்டாரத்தில் அந்துப்பூச்சிகள் காணப்பட்ட தகவல்களைத் தொகுக்கும் பதிவாளருக்கு அனுப்புங்கள்.