விடிய விடிய ஓடும் நாடக வீடியோ: லினக்ஸில் எதை வைத்து எடிட் செய்வது?

கேள்வி: அப்பா நாடக மேடையில் ஆர்மோனியம் வாசிப்பவர். மேலூர்ப் பக்கத்துத் திருவிழா நாடகங்களை இரண்டு போனில் முழுசாகப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிந்துதான் முடியும். பபூன் வருகை, தர்க்கம் என்று பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, தமிழில் தலைப்புப் போட்டு யூடியூபில் ஏற்ற வேண்டும். 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், லினக்ஸ் மின்ட். எடிட்டிங் எதுவும் தெரியாது. டாவின்சி ரிசால்வ்தான் சிறந்தது என்கிறார்கள். எதைப் போடலாம்?

பதில்: டாவின்சியை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். நல்ல மென்பொருள், மறுக்கவில்லை. ஆனால் அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 என்ற முறையில் சுருக்கிப் பதிவான வீடியோவைத் திறக்காது. போனில் எடுப்பதெல்லாம் எச்.264 அல்லது எச்.265தான். எல்லாவற்றையும் வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வேலையே தொடங்க முடியும். அதோடு தனி கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். உங்கள் லேப்டாப்புக்கு அது ஆகாது.

இன்னொன்று, உங்கள் வேலையில் பாதிக்கு எடிட்டரே வேண்டாம். 1080பி வீடியோ விநாடிக்கு 17 மெகாபிட் அளவில் பதிவாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு ஏழரை ஜிபிக்கு மேல் வரும். ஏழு மணி நேர நாடகம், இரண்டு போன் என்றால் நூறு ஜிபியைத் தாண்டிவிடும். இவ்வளவையும் ஒரு டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், கொட்டினால் எந்த எடிட்டரும் திணறும். அதனால் முதலில் லாஸ்லெஸ்கட் என்ற சிறிய மென்பொருளைப் போடுங்கள். இலவசம், லினக்ஸ் மென்பொருள்களுக்கான ஃப்ளாட்ஹப் தளத்தில் கிடைக்கிறது. வீடியோவைத் திறந்து, பபூன் மேடையேறும் இடத்தில் தொடக்கம், இறங்கும் இடத்தில் முடிவு என்று குறித்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் போதும். மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது புதிதாகச் சுருக்கி எழுதாமல், அப்படியே பிரித்துக் கொடுப்பதால் தரம் குறையாது, பெரிய கோப்பானாலும் சீக்கிரம் முடியும். ஒரே ஒரு சங்கடம் உண்டு. வீடியோவில் இடையிடையே முழுப் படமாகப் பதிவாகும் கீஃபிரேம் இருக்கும் இடத்தில்தான் அது சுத்தமாக வெட்டும். குறித்த இடத்துக்கு ஓரிரு விநாடி முன்பின் ஆகலாம். இரண்டு பக்கமும் ஐந்து விநாடி கூடுதலாக விட்டே வெட்டுங்கள், மிச்சத்தை எடிட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

எடிட்டருக்கு வருவோம். புதியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுபவை மூன்று: ஓப்பன்ஷாட், ஷாட்கட், கேடென்லைவ். ஓப்பன்ஷாட் பார்த்தவுடன் புரியும். கல்யாண வாழ்த்து மாதிரி மூன்று நிமிட வீடியோவுக்குச் சரி. துண்டுகள் சேரச் சேர மந்தமாகிவிடும் என்பது என் அனுபவம். மற்ற இரண்டும் எம்எல்டி என்ற ஒரே எஞ்சினில் ஓடுபவை. ஆகவே எது தரமான வீடியோ தரும் என்று குழம்ப வேண்டாம், கைக்கு எது பழகும் என்பதுதான் கேள்வி. ஷாட்கட் கொஞ்சம் இலகுவானது, எஸ் எழுத்தைத் தட்டினால் கிளிப் இரண்டாகிவிடும். ஆனால் தலைப்பு எழுத ஃபில்டர்களுக்குள் போய்த் தேட வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது கேடென்லைவ். முதல் காரணம், இரண்டு போன். ஒன்றை மேடைக்கு முன்னால் வைத்து எடுத்திருப்பீர்கள், இன்னொன்றை ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று வாத்தியக்காரர்கள் பக்கம். இரண்டையும் கையால் பொருத்துவது பெரும்பாடு. கேடென்லைவில் ஒரு கிளிப்பை ரைட் கிளிக் செய்து ‘செட் ஆடியோ ரெஃபரன்ஸ்’, மற்றதில் ‘அலைன் ஆடியோ டு ரெஃபரன்ஸ்’ கொடுத்தால், சத்தத்தை ஒப்பிட்டு அதுவே நகர்த்தி வைத்துவிடும். மைக் செட் அலறுகிற நம்ம ஊர் நாடகத்தில் இது நன்றாகவே வேலை செய்யும்.

இரண்டாவது, தலைப்பு எழுதத் தனி ஜன்னல் இருக்கிறது. தமிழ் எழுத்து உடையாமல் வரும், ஆனால் யூனிகோடில் தட்டியிருக்க வேண்டும். நோட்டீஸ் அடித்த பிரஸ்ஸில் வாங்கிய, யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். கூகுள் ஃபான்ட்ஸில் ஹிந்த் மதுரை என்று நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒன்று இருக்கிறது, பெரிய தலைப்புக்குப் பார்க்க லட்சணமாக இருக்கும். எழுத்துருவை நிறுவியதும் கேடென்லைவை ஒருமுறை மூடித் திறங்கள்.

மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் கேடென்லைவைத் தேடும்போது சிஸ்டம் பேக்கேஜ், ஃப்ளாட்பேக் என இரண்டும் காட்டும். ஃப்ளாட்பேக்கை எடுங்கள், டவுன்லோடு பெரிது, ஆனால் புதிய பதிப்பு. முதல் கிளிப்பைச் சேர்த்ததும் புராஜெக்ட் அளவை அதற்கேற்ப மாற்றவா என்று கேட்டால், சரி என்று கொடுங்கள். ‘வேரியபிள் ஃபிரேம் ரேட்’ என்று எச்சரித்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். போன்கள் வெளிச்சம் குறைந்தால் விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளும். அதை அப்படியே எடிட் செய்தால் போகப் போகப் பாட்டு ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம். அது சொல்லும் டிரான்ஸ்கோடை, அதாவது எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவதை, ஏற்றுக்கொள்ளுங்கள். மாற்றிய கோப்பு மூலத்தைவிடப் பல மடங்கு பெருத்துவிடலாம். முதலில் துண்டு போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளே செய்யும்போது திக்கினால் புராஜெக்ட் செட்டிங்ஸில் ப்ராக்ஸியை இயக்குங்கள். எடிட் செய்யும்வரை சிறிய நகலைக் காட்டும், கடைசியில் ரெண்டர் செய்வது, அதாவது முடித்த வீடியோவைக் கோப்பாக எடுப்பது, அசலில் இருந்துதான். ரெண்டருக்கு எம்பி4, எச்.264 தேர்வு போதும்.

எடிட் முடியும்வரை வீடியோக்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றாதீர்கள். புராஜெக்ட் கோப்பில் இருப்பது வீடியோ அல்ல, அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான்.

அப்புறம், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் இடையில் சினிமாப் பாட்டு எடுத்துவிடுவது வழக்கம்தானே. யூடியூப் அதைக் கண்டுபிடித்து உரிமை கோரலாம். சேனலில் வருமானம் எதிர்பார்த்தால் அந்தப் பகுதிகளை விட்டுவிட்டு, தர்க்கத்தையும் பபூன் காமிக்கையும் முதலில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் நடித்தவர்களிடம் அப்பாவை விட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.