நாற்பத்தாறு வயதில் கையுறை மாட்டலாமா?

நடுவயதில் குத்துச்சண்டை, ஜூடோ, சிலம்பம் போன்ற சண்டை விளையாட்டுகளைக் கற்கத் தொடங்கியவர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். நாற்பத்திரண்டாம் வயதில் ஜூடோ மேட்டில் (பயிற்சிக்கு விரிக்கும் மெத்தை விரிப்பில்) கால் வைத்து, விழுந்தும் எழுந்தும் பத்தாண்டுகளைக் கடந்தவன்.

கேள்வி: எனக்கு வயது 46. கடலூரில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். ஓராண்டுக்கு முன் மகனைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றபோது, வெளியே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நாமும் உள்ளே போகலாமே என்று தோன்றியதால் சேர்ந்துவிட்டேன். 9 கிலோ எடை குறைந்திருக்கிறது. இப்போது போட்டியில் இறங்க ஆசை. இரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டிலோ, "இந்த வயதில் யாரிடம் அடி வாங்கப் போகிறீர்கள்?" என்கிறார்கள்.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பயிற்சியைத் தொடருங்கள், குத்துச்சண்டைப் போட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். முதலாவது என் கருத்து, இரண்டாவது விதி. ஒலிம்பிக் பாணிக் குத்துச்சண்டையில் பெரியவர்களுக்கான பிரிவு 19 வயதில் தொடங்கி 40 வயதோடு முடிந்துவிடுகிறது. குழந்தைகள் பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பி, 2018ஆம் ஆண்டு டெல்லியில் ஆறாவது முறையாக உலகப் பட்டம் வென்ற மேரி கோமுக்கே இந்த வரம்பு தளரவில்லை என்றால், நமக்குத் தளராது. 1994இல் 45 வயதில் தொழில்முறைக் குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் பட்டத்தைத் திரும்பப் பெற்ற அமெரிக்கர் ஜார்ஜ் ஃபோர்மேனை உங்கள் பயிற்சிக்கூடத்தில் யாராவது உதாரணம் காட்டியிருக்கக்கூடும். அவர் 1968 ஒலிம்பிக்கிலேயே தங்கம் வாங்கியவர். விட்ட தொழிலுக்குத் திரும்புவதும் நாற்பத்தைந்தில் அரிச்சுவடி தொடங்குவதும் ஒன்றல்ல.

போட்டி ஆசையை அடக்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். மூத்தோருக்கென்றே வயதுப் பிரிவுகள் வைத்திருக்கும் சண்டை விளையாட்டுகள் இருக்கின்றன. ஜூடோவில் உலக அளவிலான மூத்தோர் போட்டி 30 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. மல்யுத்தத்தில் 35 வயதிலிருந்து மூத்தோர் பிரிவு உண்டு. தரையில் பிடித்து மடக்கும் பிரேசிலிய ஜூஜிட்சுவில் 30 வயதைத் தாண்டியவர்களை 'மாஸ்டர்' என்று தனியே நிறுத்துகிறார்கள். இந்த மூன்றிலும் தலையில் குத்துவதற்கு இடமில்லை என்பதே உங்களுக்கு நான் இவற்றைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம். வயதாக ஆக மூளை சற்றே சுருங்குவதால், அதற்கும் மண்டையோட்டுக்கும் இடையே செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓர் அதிர்ச்சியில் எளிதாக இழுபட்டுக் கிழியக்கூடும். தலைக்கவசம் இதற்குப் பெரிய அரண் அன்று. அது புருவம் கிழிவதைக் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

போட்டி எதுவாயினும், அதற்கு முன் உங்கள் மருத்துவரிடம், "நடைப்பயிற்சி போகலாமா?" என்று கேட்காமல், "மூன்று நிமிடம் முழுமூச்சாக மோதலாமா?" என்று கேளுங்கள், இரண்டுக்கும் கிடைக்கும் பதில் வேறு. ஈசிஜியோடு நிறுத்தாமல் டிரெட்மில் பரிசோதனையும் வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். மாத்திரையின் பெயரையும் காட்டுங்கள். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவை நாடித்துடிப்பை அடக்கி வைப்பவை. உங்கள் வயதில் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 175 என்று கணக்குப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பயிற்சி செய்தால், அந்த எண் ஏறாததைக் கண்டு, இன்னும் சக்தி இருக்கிறது என்று ஏமாந்துபோவீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மோதல் பயிற்சிக்கே போகக்கூடாது. பார்வைக் குறைபாடு மைனஸ் ஆறைத் தாண்டியவர்கள் விழித்திரையைச் சோதிக்காமல் போகக்கூடாது.

வீட்டில் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. என் மனைவியிடம் நான் மருத்துவரின் சீட்டைக் காட்டினேன். அது ஓரளவுக்கு வேலை செய்தது.

கேள்வி: வயது 44. கிக் பாக்சிங் கற்கிறேன். ஸ்பாரிங்கில் (ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகும் பயிற்சியில்) இருபது வயதுப் பையன்கள், "அங்கிள், மெதுவா அடிக்கட்டுமா?" என்று கேட்கும்போது கோபம் வருகிறது. அப்படிக் கேட்ட ஒருவனை முழு வேகத்தில் வரச் சொன்னேன். தலையில் ஓர் உதை விழுந்தது. இரண்டு நாள் தலைவலியும் குமட்டலும் இருந்தன. மீண்டும் எப்போது ஸ்பாரிங் போகலாம்?
— வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: அடுத்த முறை அந்தப் பையன் கேட்டால், "ஆமாம் தம்பி, மெதுவாகவே அடி" என்று சொல்லுங்கள். நடுவயதில் இந்த விளையாட்டுக்கு வருபவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் வயதன்று, ரோஷம். அலுவலகத்தில் நாலு பேருக்கு உத்தரவிட்டுப் பழகியவருக்குப் பயிற்சிக்கூடத்தில் கடைசி வரிசை என்பது செரிப்பதில்லை. எனக்கும் செரிக்கவில்லை, இரண்டாம் ஆண்டில் ஒரு கல்லூரி மாணவன் கையை மடக்கிப் பிடித்தபோது, தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததற்கு, முழங்கை எட்டு வாரம் வீங்கியிருந்தது. அந்த எட்டு வாரமும் இடக்கையால் சாப்பிட முடியாமல் கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு நேர்ந்தது மூளை அதிர்ச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். மயங்கி விழவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது. மருத்துவரைப் பார்த்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால், தலைவலி போய்விட்டிருந்தாலும் பாருங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கைகால் சோர்ந்தாலோ அதே இரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். உள்ளே கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தும் தன் வேலையைக் காட்டும். அப்படி எதுவுமில்லை என்றால் முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை, பிறகு ஓட்டம், பிறகு தனியாகப் பஞ்சிங் பேக் என்று ஒவ்வொரு படியாக ஏறி, எந்தப் படியிலும் தலைவலி திரும்பாமலிருந்து, மருத்துவரும் சம்மதித்த பிறகே எதிராளி முன் நிற்கலாம். முதல் அதிர்ச்சி ஆறுமுன் விழும் இரண்டாவது அடிதான் உயிருக்கு ஆபத்தானது.

இனி ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கையுறை அணியுங்கள், உங்கள் எடையும் வயதும் ஒத்த ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், கடுமையான இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே 48 மணி நேரமாவது விடுங்கள். இருபது வயதுப் பையன் நேற்று வாங்கிய அடியை இன்று காலை மறந்துவிடுகிறான். உங்கள் குதிகால் தசைநாணும் தோள்மூட்டும் மூன்று நாள் நினைவு வைத்திருக்கும். ஒரு கூடத்தில் பயிற்சியாளர், "ஆம்பளைன்னா அடி வாங்கணும்" என்கிற தோரணையில் பேசினால், மாதக் கட்டணம் மிச்சமிருக்கிறதே என்று பாராமல் வெளியேறிவிடுங்கள்.

கேள்வி: நான் 41 வயதுப் பெண். இரண்டு பிரசவமும் சிசேரியன். ஜூடோ அல்லது ஜூஜிட்சு கற்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கீழே விழுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. வகுப்பில் பெரும்பாலும் ஆண்களே இருக்கிறார்கள் என்பதும் தயக்கமாக உள்ளது.
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: விழுவதற்குப் பயப்படுபவர்கள்தாம் அதைச் சரியாகக் கற்கிறார்கள் அம்மா. 1882இல் ஜிகோரோ கானோ தொடங்கிய ஜூடோவில், எதிராளியை வீழ்த்துவதற்கு முன் உகெமி என்னும் விழும் கலையைத்தான் கற்பிப்பார்கள்: முகவாயை மார்போடு ஒட்டிக்கொள்வது, கையை ஊன்றாமல் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மேட்டை ஒரே வீச்சில் அறைவது, மூச்சை வெளியே விடுவது. கையை ஊன்றினால் மணிக்கட்டோ காறையெலும்போ போகும். உட்கார்ந்த நிலையில் தொடங்கி, பிறகு குந்திய நிலை, பிறகு நின்ற நிலை என்று ஒன்றிரண்டு மாதம் இதை மட்டுமே செய்ய வைக்கும் ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். குளியலறையில் வழுக்கி விழும் நாளிலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையத் தொடங்குவதால், அதற்குள் எடை தாங்கும் உடற்பயிற்சியில் இறங்குவது நல்லதே. சிசேரியன் ஆன வயிற்றுத் தசைகள் நடுவே பிளந்திருக்கின்றனவா, தும்மும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசிகிறதா என்பதை மட்டும் முதலில் கவனியுங்கள். இரண்டில் எது இருந்தாலும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்து, அடிவயிற்றையும் இடுப்புத் தளத்தையும் பலப்படுத்திய பிறகு மேட்டுக்கு வாருங்கள். பேசக் கூசும் விஷயம் என்று மறைத்துக்கொண்டு பயிற்சியைப் பாதியில் விட்ட பெண்கள் இருக்கிறார்கள். அது சரிசெய்யக்கூடிய குறை.

ஆண்களோடு பயிற்சி செய்வது குறித்து: சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். அங்குள்ள பெண்கள் யாரோடு பயிற்சி செய்வது என்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்களா, "வேண்டாம்" என்று சொன்னால் அது சாதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறதா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பார்க்க அனுமதிக்காத இடத்தில் சேர வேண்டாம்.

கேள்வி: வயது 52, எடை 84 கிலோ. ஜூடோவில் 81 கிலோ பிரிவில் இறங்க வேண்டும். இன்னும் பத்து நாளே உள்ளன. பிளாஸ்டிக் உடை அணிந்து சில்வர் பீச்சில் ஓடி வியர்வையாக வெளியேற்றலாமா? நண்பர் ஒருவர் சிறுநீர் போகும் மாத்திரையும் சொல்கிறார்.
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 90 கிலோ பிரிவில் இறங்குங்கள். 1997ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். நீர் குடிக்காமல், காற்றுப் புகாத உடைக்குள், வெப்பத்தில் பயிற்சி செய்ததுதான் காரணம். அவர்கள் இளைஞர்கள். அதன் பிறகே அங்கே கல்லூரி மல்யுத்தத்தின் எடை விதிகளை மாற்றினார்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், வழியும் வியர்வை ஆவியாகாது; ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. கத்திரி வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளவை என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். மூன்று கிலோவை மூன்று மாதத்தில் இரவுச் சாப்பாட்டைக் குறைத்து இறக்கலாம்; அடுத்த போட்டிக்கு அதைச் செய்யுங்கள்.

கேள்வி: ஜூஜிட்சு தொடங்கியதிலிருந்து தொடையிடுக்கிலும் கழுத்திலும் வட்ட வட்டமாக அரிப்பு. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பில் அரிப்பு நின்றது, ஆனால் வட்டம் பெரிதாகிறது.
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: படர்தாமரையாகத் தெரிகிறது. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைச் சுகமாக வளர விடும். களிம்பைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். குணமாகும் வரை மேட்டில் ஏறாதீர்கள், ஏனென்றால் நீங்கள் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அது போகும். தடம் மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாமல், அவர் சொன்ன நாள் வரை போடுங்கள். பயிற்சி உடையை ஒரு முறை அணிந்ததும் துவைத்து, வெயிலில் மொறமொறவென்று காய வையுங்கள்.

கேள்வி: வயது 51, சர்க்கரை உண்டு. சிறுவயதில் தாத்தாவிடம் கொஞ்சம் சிலம்பம் கற்றேன். மீண்டும் தொடங்கலாமா? இதெல்லாம் சண்டை விளையாட்டில் சேருமா?
— வாசகர், பாகூர்

பதில்: தனித்திறமைப் பிரிவில் கம்பு சுற்றுவதை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த ஐயம் வரும். தொடுமுறையில் எதிராளியின் கம்பு விலாவைத் தொட வரும்போது சேருமா சேராதா என்பது விளங்கிவிடும். தாராளமாகத் தொடங்குங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நடுவயதில் தோள்பட்டை இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம் என்பதால், கையை முழுதாகத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா என்று முதலில் பாருங்கள். வலித்தால் கம்பை ஓரமாக வைத்துவிட்டுச் சில வாரம் கால்வரிசையை மட்டும் பழகலாம்; சிறுவயதில் தாத்தா உங்களைக் கால்வரிசையில் நிறுத்தித்தான் பொறுமையைச் சோதித்திருப்பார். மணலில் வெறுங்காலோடு பயிற்சி செய்தால், முடிந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள், ஏனென்றால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிளிஞ்சல் கீறியதே தெரியாமல் போகலாம்.

தாத்தாவின் கம்பு இன்னும் பரணில் இருந்தால் எடுத்த எடுப்பில் சுழற்ற வேண்டாம். காய்ந்து விரிசல் விட்ட மூங்கில், வேகம் பிடித்ததும் சிலாம்பாக உள்ளங்கையில் ஏறும். ஈரத் துணியால் துடைத்து, கணுவுக்குக் கணு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நின்றால் உங்கள் நெற்றி அளவுக்கு வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.