வெந்நீர் ஊற்றில் உடை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டென்வரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க டிசம்பரில் நானும் கணவரும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குப் போகிறோம். மருமகள் ஆசைப்பட்டு, ரிட்ஜ்வே என்ற மலையூரில் ஆர்விஸ் வெந்நீர் ஊற்றில் ஒரு இரவு தங்க நால்வருக்கும் இடம் பதிந்துவிட்டாள். அங்கே உடுத்துவதும் உடுத்தாததும் அவரவர் விருப்பம் என்று மகன் பிறகுதான் சொன்னான். எனக்கு வயது 61. இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறேன். கணவர் நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறார், பாதம் சற்று மரத்துப்போயிருக்கிறது. நாங்கள் போகலாமா? நீச்சலுடையோடு இறங்கினால் வெளியே போகச் சொல்வார்களா? இங்கே வீட்டு ஜன்னலோரம் உடையில்லாமல் நின்றாலே குற்றமாயிற்றே, அங்கே போலிஸ் வராதா? மகன், மருமகளோடு ஒரே குளத்தில் எப்படி இறங்குவது? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். நீச்சலுடையோடு தாராளமாக இறங்கலாம், யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். விருப்பம் என்றால் இரண்டு பக்கமும் விருப்பம்தான். உடுத்தியவரை ஒரு மாதிரி பார்ப்பது அங்கே எவ்வளவு மரியாதைக்குறைவோ, உடுத்தாதவரைப் பார்ப்பதும் அவ்வளவே மரியாதைக்குறைவு.

இந்தக் குழப்பம் நம்மவர்களுக்கு வரக் காரணம், இடத்துக்கு இடம் விதி தலைகீழாக இருப்பதுதான். ஒன்சென் எனப்படும் ஜப்பானிய வெந்நீர்க் குளியல் இடங்களில் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் தனித்தனி. ஆனால் நீச்சலுடைக்கு அனுமதி கிடையாது, கையிலுள்ள சின்னத் துண்டைக்கூட நீரில் நனைக்கக் கூடாது. தைவானின் பெய்தோவில் உள்ள திறந்தவெளிப் பொதுக்குளத்தில் நீச்சலுடை கட்டாயம். கொலராடோவுக்குள்ளேயே ரிட்ஜ்வேயை அடுத்த யூரே ஊரின் பொதுக்குளத்தில் நீச்சலுடை வேண்டும். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் பக்கத்து ஸ்ட்ராபெரி பார்க்கில் பகலில் உடை கட்டாயம், இருட்டிய பிறகு விருப்பம், அப்போது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை. ஆகவே ஓர் ஊற்றில் பழகியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். பதிவு செய்த இடத்தின் விதிகளை மருமகளிடம் கேட்டு வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

சட்டம் பற்றி நீங்கள் சொன்னது சரி. சிங்கப்பூரில் பொது இடத்தில் மட்டுமல்ல, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி சொந்த வீட்டில் நின்றாலும் 2,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. கொலராடோவில் நீங்கள் போகும் ஆர்விஸ் வேலிக்குள் இருக்கும் தனியார் நிலம். உள்ளே வருபவர் எல்லோரும் தெரிந்தேதான் வருகிறார்கள். போலிஸுக்கு அங்கே வேலையில்லை.

நீச்சலுடை என்று ஒன்று வாங்கும்போது, முழங்கை முழங்கால் வரை மூடும் நீச்சல் துணியிலேயே வாங்குங்கள். பருத்தி கஃப்தான், சுடிதார், சாரோங் இவற்றோடு நீரில் இறங்கக் கூடாது. பருத்தி நீரைக் குடித்துக் கனத்துக் காலைச் சுற்றும், பஞ்சும் சாயமும் குளத்தில் கலக்கும். சாரோங் நடக்கும்போது சுற்றிக்கொள்ள நல்லது. பெரிய துண்டு ஆளுக்கு இரண்டு வேண்டும்: ஒன்று துவட்ட, ஒன்று உட்காரும் பலகையில் விரிக்க. இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அலசிவிடுங்கள், இல்லையென்றால் நீர்மேல் படலமாக மிதக்கும். தலைமுடியை உயரக் கட்டுங்கள். கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குடும்பப் படம் எடுப்பதற்கென்றுகூட அதைக் குளத்தருகே நீட்டக் கூடாது. பேசினால் முகம் பார்த்து, மெதுவாக. யாருடைய உடலைப் பற்றியும், தமிழில்தானே சொல்கிறோம் என்று நினைத்துக்கூட, ஒன்றும் சொல்லாதீர்கள். தொனியை வைத்தே புரிந்துவிடும்.

கந்தக நெடி உள்ள ஊற்றாக இருந்தால் வெள்ளி மெட்டியும் கொலுசும் அதே மாலையில் கறுத்துவிடும். கழற்றி வைத்துவிடுங்கள். தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தால் மஞ்சள் கரைந்து துண்டிலும் உடையிலும் ஏறும், அதனால் பயண நாட்களுக்குச் சங்கிலிக்கு மாற்றிக்கொள்ளலாம். மோதிரமும் வேண்டாம். சூட்டில் விரல் வீங்கினால் கழற்றுவது கஷ்டம்.

உடை விஷயம் இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவை ஆம்லோடிபினும் கணவரின் பாதமும். இந்த ஊற்றுகளில் ஆட்கள் மயங்கி விழுவதற்குக் காரணம் வெட்கம் அல்ல, சூடும் உயரமும். ரிட்ஜ்வே ஏறத்தாழ 2,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். டென்வரிலிருந்து காரில் மோனார்க் கணவாய் வழியாகப் போனால் நடுவில் 3,448 மீட்டர் வரை ஏறி இறங்க வேண்டும். டென்வரே 1,609 மீட்டர் உயரம் என்பதால் முதலில் அங்கே இரண்டு மூன்று நாள் தங்கிப் பழகிவிட்டு மேலே போங்கள். தலைவலி, குமட்டல் இருந்தால் அன்று குளம் வேண்டாம்.

சூடான நீரில் தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஆம்லோடிபின் செய்வதும் குழாயை விரிக்கும் வேலைதான். கழுத்துவரை நீரில் உட்கார்ந்திருக்கும்போது நீரின் அழுத்தம் கால்களை அமுக்கி இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருப்பதால் ஒன்றும் தெரியாது, சுகமாகவே இருக்கும். சட்டென்று எழுந்ததும் அந்த அழுத்தம் விலகி, இரத்தம் விரிந்த குழாய்களோடு காலில் தங்கிவிடுகிறது. கண் இருட்டுகிறது. காலடியில் இருப்பதோ ஈரக் கல், டிசம்பரில் அதன்மேல் பனி.

அதனால் எழும் விதம்தான் முக்கியம். முதலில் ஒரு படி மேலேறி, இடுப்பளவு நீரில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். கெண்டைக்காலை நன்றாக அசையுங்கள். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்து, நின்ற இடத்திலேயே பத்து மூச்சு நின்றுவிட்டு நடங்கள். அடிப்பாகத்தில் பள்ளமுள்ள ரப்பர் செருப்பு வேண்டும், வழவழப்பான சிலிப்பர் உதவாது. தலை லேசானால் நடக்க முயலாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள்.

வெப்பநிலையை அங்கே ஃபாரன்ஹீட்டில் எழுதியிருப்பார்கள். 100 என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 38 டிகிரி, 104 என்றால் 40, 108 என்றால் 42க்கு மேல். நீங்கள் இருவரும் 100–102 உள்ள குளத்தில் மட்டும் இறங்குங்கள். பத்து நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே துண்டும் அங்கியும் போர்த்தி உட்கார்ந்து ஒரு கோப்பைத் தண்ணீர், பிறகு வேண்டுமானால் இன்னொரு பத்து நிமிடம். ஆர்விஸில் "லாப்ஸ்டர் பாட்", அதாவது சிங்கி இறால் வேகவைக்கும் பானை, என்றே ஒரு குளம் உண்டு. பெயருக்கேற்ற சூடு, மகன் எவ்வளவு அழைத்தாலும் அதன் பக்கம் போகாதீர்கள். மது அன்று வேண்டாம். மலைக்காற்று வறண்டது, தாகம் தெரியாமலே உடலில் நீர் குறையும், ஆகவே காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருங்கள். தலையை நீருக்குள் முக்காதீர்கள், மூக்கில் நீர் ஏற விடாதீர்கள். இயற்கை வெந்நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடும். மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரோடு விடாது.

கணவர் காலை விட்டுச் சூடு பார்க்கவே கூடாது. மரத்த பாதம் பொய் சொல்லும். நீங்கள் உங்கள் முழங்கையை நனைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். குதிகால் வெடிப்போ விரலிடுக்கில் புண்ணோ இருந்தால் அவருக்குக் குளம் கிடையாது. ஏறியதும் விரலிடுக்குகளைத் துவட்டி, அறை வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். இன்சுலின் போட்ட உடனே வெந்நீரில் இறங்கினால் மருந்து வேகமாக இரத்தத்தில் ஏறிச் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். சாப்பிட்ட பிறகு, சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு இறங்கட்டும். அங்கிப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். இன்சுலின் பேனாவை இரவில் காரில் விட்டுவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் வேலை செய்யாது. கிளம்புமுன் பலதுறை மருந்தகத்தில் இருவரும் மருத்துவரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

ஈசூனிலிருந்து செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா பக்கம்தானே. அங்கே ஊற்றில் வருவது 70 டிகிரி நீர், அடுக்கடுக்காக இறங்கி ஆறிய கீழ்த்தொட்டியில் காலை நனைக்கலாம். ஒரு காலையில் போய், அங்கேயும் முதலில் நீங்கள் முழங்கையால் சூடு பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து, எழும்போது தலை சுற்றுகிறதா, கணவரின் பாதம் எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக மகன், மருமகள். இதற்கு நேரம் பிரிப்பதைவிட நல்ல வழி இல்லை. விடியற்காலையில் கூட்டம் குறைவு. குளிரில் ஆவி திரையாக எழுவதால் பக்கத்தில் இருப்பவர்கூடச் சரியாகத் தெரியமாட்டார். அந்த நேரத்தை நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்டு, இரவை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். தொட்டியோடு தனியறை கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே போய் நின்றுகொண்டு சங்கடப்படாமல் இப்போதே மருமகளைத் தொலைபேசியில் அழைத்து, "நீ பதிந்தது எனக்குச் சந்தோஷம்மா, நாங்கள் காலையில் இறங்குகிறோம், நீங்கள் ராத்திரி போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அவளும் இதை உங்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இருப்பாள்.

அன்புடன்,
ஆசிரியர்