பிறந்து மூன்று வாரமாகியும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை குறையவில்லை, மலமும் வெளுத்துப் போகிறது. காலை வெயிலில் காட்டினால் போதுமா?

போதாது. இன்றே குழந்தைகள் நல மருத்துவரிடம் சென்று, காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமியை, அதாவது பிலிரூபினை, டைரக்ட், இன்டைரக்ட் என்று பிரித்துப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். நான் மருத்துவர் அல்லள். பித்தநாள அடைப்பு இருந்த ஒரு குழந்தையின் தாய் என்ற முறையில் எழுதுகிறேன்.

பிறந்த குழந்தைகளுக்கு வரும் சாதாரணக் காமாலை, நிறைமாதக் குழந்தைகளிடம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். தாய்ப்பாலால் அது சில வாரங்கள் நீடிப்பதும் உண்டு. ஆனால் அப்போது மலம் மஞ்சளாகவே இருக்கும், சிறுநீர் துணியில் கறை வைக்காது. பித்தநாள அடைப்பு வேறு. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுவரும் குழாய்கள் தழும்பேறி அடைந்துபோவதால், நிறம் தரும் பித்தம் வந்து சேராமல் மலம் வெளுக்கிறது. தேங்கிய பித்த நிறமி இரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்குவதால் சிறுநீர் அடர் மஞ்சளாகிறது. வெயிலாலோ நீல விளக்காலோ கீழாநெல்லியாலோ அந்த அடைப்பு திறக்காது.

எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுகொண்டவர், குழந்தையின் துணிகளைத் துவைத்த என் அம்மா. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கசக்கினாலும் வெள்ளைத் துணியில் சிறுநீர்க் கறை மஞ்சளாகவே நின்றது. மலமோ இட்லி மாவைத் தடவியதுபோல் இருந்தது. "பால் குடிக்கிற பிள்ளைக்கு இப்படிப் போகாதுடி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தை நன்றாகப் பால் குடித்து எடையும் கூடியதால் நான் காதில் வாங்கவில்லை. முதலில் காட்டிய மருத்துவமனையிலும் மொத்த பிலிரூபினை மட்டும் பார்த்துவிட்டு, வெயிலில் காட்டச் சொல்லி இருமுறை அனுப்பிவிட்டார்கள். வேறொரு மருத்துவர் பிரித்துப் பார்த்தபோது பித்தத்தோடு வெளியேற வேண்டிய டைரக்ட் பிலிரூபின் டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. அது 1-க்கு மேல் இருந்தாலே காரணம் தேட வேண்டுமாம். அன்று என் மகளுக்கு 38 நாள். வீணாய்ப் போன அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஏனெனில் இந்த நோயில் நாள்தான் கணக்கு. ஜப்பானிய மருத்துவர் மொரியோ கசாய் 1950-களில் உருவாக்கிய அறுவை சிகிச்சையில், அடைபட்ட நாளங்களை நீக்கிவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாயிலிலேயே இணைத்துத் தைக்கிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பித்தம் வடியும் வாய்ப்பு கூடுதல். தள்ளிப்போகப் போகக் கல்லீரல் இறுகிவிடுகிறது. இதற்காகவே தைவானில் 2004 முதல், பெற்றோர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று மல நிற அட்டையை நாடு முழுவதும் கொடுத்துவருகிறார்கள்.

என் மகளுக்கு 47-ஆம் நாள் அறுவை நடந்தது. இப்போது ஆறு வயது, தொடர் பரிசோதனையில் இருக்கிறாள். அறுவைக்குப் பிறகும் பலருக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படலாம். 1998-இல் டெல்லியில், இதே நோயுடன் வந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானதைப் படித்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

வெளுத்த மலத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. உங்கள் குழந்தைக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொப்புளிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலும், உடலில் கன்றிப்போன தடம் தெரிந்தாலும், விடியும்வரை காத்திராதீர்கள். பித்தம் இல்லாமல் வைட்டமின் கே உடலில் சேராததால் மூளைக்குள்ளும் இரத்தம் கசியக்கூடும். மருத்துவரிடம் போகும்போது மலம் பட்ட துணியை அலசாமல் ஒரு பையில் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள். நான் வாயால் சொன்னபோது வெறுமனே தலையாட்டிய அந்த இரண்டாவது மருத்துவர், துணியை விரித்துக் காட்டிய பிறகுதான் பரிசோதனைச் சீட்டை எழுதினார்.