லினன் பாவு ஏன் அறுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உப்சாலாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தம்முடைய பழைய மிதிதறியை எனக்குத் தந்தார். இந்தக் குளிர்காலத்தில் சமையலறைத் துண்டுகள் நெய்ய எண்ணி, ஒற்றைப் புரி (ஒரே இழையாக முறுக்கிய) லினன் நூலில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள், போட்டேன். இரண்டு கரைகளிலும் இழை அறுந்துகொண்டே இருக்கிறது. பாவுக்குப் பருத்தியும் ஊடைக்கு (குறுக்கே ஓடும் இழைக்கு) மட்டும் லினனும் போடும்படி நெசவு வகுப்பில் சொல்கிறார்கள். அது கலப்படம் என்று மனம் உறுத்துகிறது. முழு லினனிலேயே நெய்ய வழி உண்டா?

வாசகி, ஸ்வீடன்

அன்புள்ள சகோதரிக்கு,

வழி உண்டு. ஆனால் முதல் பாவிலேயே அதற்குப் போக வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். வகுப்பில் சொன்னது நூலின் இயல்பறிந்து சொன்ன யோசனை. அதில் கலப்படம் எதுவும் இல்லை.

ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் லினன் நார் வலிமையில் பருத்தியை மிஞ்சும். நீண்டுகொடுப்பதில் மிகவும் பின்தங்கும். பருத்தி இழை அறுவதற்கு முன் 6, 7 சதவீதம் வரை நீளும். லினனோ 2, 3 சதவீதத்திலேயே அறுந்துவிடும். பாவு இழை ஒவ்வொரு மிதிக்கும் மேலும் கீழுமாக இழுபட்டு, இழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணிலும், சீப்புப் போன்ற அச்சின் பற்களிலும் ஓயாமல் உரசுகிறது. ஊடை இழைக்கு அந்தத் துன்பம் இல்லை. ஊடையைக் கொண்டுசெல்லும் நாடாவிலிருந்து அவிழ்ந்து, அச்சால் அடிபட்டு, துணிக்குள் அமர்ந்துவிடுகிறது. ஆகவே இழுவையைப் பருத்தி தாங்கிக்கொள்ள, ஈரத்தை விரைந்து உறிஞ்சுவதும் கண்ணாடிக் குவளையில் பிசிறு விடாமல் துடைப்பதும் லினனின் வேலையாகின்றன. ஸ்வீடனில் இத்தகைய துணிக்கு ஹால்வ்லின்னே (அரை லினன்) என்று பெயரே உண்டு. அதை இரண்டாந்தரமாக எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

கரையில் மட்டும் அறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஊடையை இறுக்கி இழுத்தால் துணி அகலத்தில் சுருங்கும். அப்போது ஓரத்து இழைகள் அச்சின் பற்களுக்குள் சாய்வாகத் தேய்ந்து முறியும். ஊடையைச் சற்றுச் சாய்வாக, தளர்வாக விட்டு, அதன்பின் அடியுங்கள். இரு முனையிலும் சிறு முட்கள் கொண்ட மரச்சட்டத்தைப் பூட்டித் துணியின் அகலத்தைக் காப்பதும் நல்லது.

50க்கு 70 செ.மீ. அளவில் நான்கு துண்டுகளுக்கு 8/2 பருத்தி நூலை (எட்டாம் எண் நூல், இரண்டு புரி) வாங்குங்கள். சாதா நெசவுக்கு ஒரு செ.மீ.க்கு 8 இழை போதும். துவைத்தபின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்குமாதலால் தறியில் அகலம் 56 செ.மீ. இருக்கட்டும், மொத்தம் 448 இழை. மடிப்புக்கும் தறியில் வீணாவதற்கும் சேர்த்து நாலரை மீட்டர் நீளம் ஓட்டினால், பாவுக்கு மட்டும் சுமார் 300 கிராம் நூல் ஆகும். ஊடைக்கு 16/1 லினன் பொருந்தும். ஊடை நூலைத் தாரில் (நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில்) சுற்றியதும் அதை ஈரத்துணியில் பொதிந்து வையுங்கள். நனைந்த லினன் வலுக்கிறது, அடிக்கும்போது நெருங்கியும் உட்காருகிறது.

உங்கள் பாவு குளிர்காலத்தில் அறுவதற்கும் இந்த ஈரத்திற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வெளியே உறைபனியும் உள்ளே கணப்பும் இருக்கும் வீட்டில் காற்று மிகவும் காய்ந்திருக்கும். காய்ந்த லினன் எளிதில் முறியும். ஆகவே முழு லினன் ஆசையைக் கோடைக்குத் தள்ளிவைத்து, அப்போதும் ஒற்றைப் புரியை விட்டு 16/2 இரட்டைப் புரியில் பாவு போடுங்கள். ஒற்றைப் புரிதான் வேண்டுமென்றால், ஆளிவிதையை நீரில் கொதிக்க வைத்து, வரும் வழவழப்பான கூழைச் சூட்டோடு வடிகட்டி, ஆறியபின் தறியில் விரிந்த பாவின்மேல் மெல்லத் தடவிக் காயவிடுங்கள். நம் ஊர் நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுவது எதற்கோ அதற்குத்தான் இதுவும்: பிசிறு படியும், உரசல் குறையும். அந்தச் செடியின் தண்டு தந்த நூலை அதன் விதையே காக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தறியிலிருந்து இறக்கிய துண்டு விறைப்பாக இருக்கும், நீரையும் சரியாக உறிஞ்சாது. அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். வெந்நீரில் நன்கு துவைத்து, ஈரம் முழுதும் போகும் முன்பே தேய்த்துவிடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அவை நாரின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். நாலைந்து முறை துவைத்தபின் துண்டு பழக்கத்திற்கு வந்துவிடும்.