சின்ன கேரவனை இழுக்க எந்த எஸ்யூவி? மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கப்பலூர் பக்கம் டிராக்டர் டிரெய்லர்களுக்கு ஆக்சில், பிரேக், கொக்கி வேலை செய்யும் பட்டறையில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இரண்டு பேர் படுக்கிற மாதிரி சின்னக் கேரவன் டிரெய்லர் ஒன்று சொந்தமாக இருக்கிறது. அதை ஸ்கார்ப்பியோவில் மாட்டிக்கொண்டு 6 வருடமாகக் குடும்பத்தோடு சுற்றுகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருமங்கலம்: அண்ணே, ஸ்கார்ப்பியோ-என், எக்ஸ்யூவி 700, ஹாரியர் மூன்றில் எதை வாங்கலாம்? டிரெய்லரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

தம்பி, முதலில் டிரெய்லரை முடிவு செய்யுங்கள். அதன் எடை தெரிந்த பிறகு வண்டி பார்க்கலாம். விற்பவர் சொல்வது வெறும் டிரெய்லரின் எடைதான், நீங்கள் இழுக்கப்போவது சாமான் ஏற்றிய டிரெய்லரை.

600 கிலோ டிரெய்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 100 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 30. இன்வெர்ட்டர் பேட்டரி 55. பாய், தலையணை, பாத்திரம், அரிசி, பருப்பு 80. நாற்காலி, கூடாரம் 40. மொத்தம் 905 கிலோ ஆகிவிட்டது. இன்னும் ஒரு ஆள் கூட ஏறவில்லை. சாமான் ஏற்றிய டிரெய்லரை ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். லாரிக்காரர்கள் போடும் அதே மேடைதான். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்.

நீங்கள் சொன்ன மூன்றில் என் ஓட்டு ஸ்கார்ப்பியோ-என் டீசலுக்கு. லேடர் ஃபிரேம் வண்டி (ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டத்தின்மேல் பாடி உட்காரும்), பின்சக்கர இழுவை, 2.2 லிட்டர் எஞ்சின். மேல் மாடல்களில் 175 குதிரைத்திறன், மேனுவலில் 370 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை. எக்ஸ்யூவி 700 டீசலின் டார்க் இதைவிட அதிகம், ஹைவேயில் சுகமான வண்டி. ஆனால் அதுவும் ஹாரியரும் மோனோகாக், தனிச் சட்டம் இல்லாத ஒரே கூடாக வரும் பாடி. ஆல் வீல் டிரைவ் எக்ஸ்யூவியைத் தவிர மற்றவை முன்சக்கர இழுவை. கொக்கியில் எடை அமர்ந்ததும் வண்டியின் பின்பக்கம் தணியும், முன்பக்கம் லேசாகும். முன்சக்கரம்தான் இழுக்கிறது என்றால் ஏற்றமான கொண்டை ஊசி வளைவில் அது பிடிமானம் இல்லாமல் சுற்றும். சமவெளியில் மட்டும் போவதானால் இது பெரிய குறை இல்லை.

அண்ணா நகர்: நம் ஊர் கையேட்டில் இழுப்பு எடையே போடவில்லை. ஆஸ்திரேலியாவில் ஸ்கார்ப்பியோவுக்கு 2,500 கிலோ என்கிறார்கள். அதை எடுத்துக்கொள்ளலாமா?

அங்கே அந்த எண் உண்மைதான். ஃபார்ச்சூனருக்கு 3,100 கிலோ. ஆனால் அது டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அங்கேயே 750 கிலோதான் வரம்பு. கம்பெனி அந்த நாட்டுக்கென்று கொடுக்கும் கொக்கியையும் வைத்துச் சொன்ன கணக்கு அது. இங்கே பட்டறையில் வெல்டு வைத்த கொக்கிக்கு அதைப் பொருத்த முடியாது. நான் 1,000 கிலோவைத் தாண்டுவதில்லை. உங்கள் வண்டிக் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். "இழுக்கக் கூடாது" என்று வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

மேலூர்: கரும்பு டிரெய்லர் ஓட்டிய ஆள் நான். கொக்கியில் எவ்வளவு எடை நிற்க வேண்டும்?

உங்களுக்குச் சொல்லவே வேண்டாம் அண்ணே, பின்னால் பாரம் கூடினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்திருப்பீர்கள். கார் டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 சதவீதத்துக்குக் குறையாமல், 15-ஐத் தாண்டாமல் கொக்கியில் நிற்க வேண்டும். 900 கிலோ என்றால் குறைந்தது 90. குறைந்தால் 70 கிலோமீட்டர் வேகத்திலேயே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும்.

அளப்பது சுலபம். பழைய இரும்புக் கடைத் தராசு ஒன்றைச் சமதரையில் வைத்து, கொக்கி மூக்கை, அதாவது வண்டியில் மாட்டும் டிரெய்லரின் முன் நுனியை, அதன்மேல் இறக்குங்கள். வண்டியில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் மூக்கு இருக்க வேண்டும், அதற்குத் தகுந்தபடி மரக்கட்டை கொடுங்கள். என் டிரெய்லரில் முதல் தடவை 48 கிலோதான் காட்டியது. தண்ணீர் கேனைப் பின் கதவு ஓரத்திலிருந்து எடுத்து ஆக்சிலுக்கு முன்னால் வைத்தேன், 81 ஆனது.

இந்த எடை வண்டியின் பாரக் கணக்கிலும் சேரும். ஐந்து பேர் 350, பெட்டிகள் 60, கொக்கியில் 90. 500 கிலோ ஆகிவிட்டது. பல எஸ்யூவிகளுக்கு அவ்வளவுதான் கொள்ளளவு.

உசிலம்பட்டி: கொடைக்கானல் ஏறிவிடுமா சார்?

ஏறிவிடும். என் கவலையெல்லாம் இறக்கத்தில்தான். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். பெருமாள்மலை தாண்டி காட்ரோடு வரைக்கும் இறக்கமோ இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் காய்ந்து மிதி உள்ளே போகும். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள், முடிந்தால் ஒன்று குறைத்து. எஞ்சின் சத்தம் போடட்டும், ஒன்றும் ஆகாது. வேகம் கூடினால் ஒரு தடவை நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டு விடுங்கள். பிரேக்குக்கு ஆற நேரம் கிடைக்கும்.

முதல் வருடம் நான் இதைச் சரியாகச் செய்யவில்லை. டம்டம் பாறை பக்கம் இறங்கி நின்றபோது முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். முக்கால் மணி நேரம் ஆற வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஊர் திரும்பியதும் டிரெய்லருக்கு ஓவர்ரன் பிரேக் வைத்தேன். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலிலேயே அதன் பிரேக் பிடிக்கும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் பிரேக் இல்லாமல் டிரெய்லர் விடவே மாட்டார்கள். நம் மலைக்கு நான் 500-லிருந்தே வேண்டும் என்பேன்.

ஆட்டோமேட்டிக் வாங்குவதானால் டார்க் கன்வெர்ட்டர் வகை நல்லது, அதில் எஞ்சின் பலம் எண்ணெய் வழியாகக் கியருக்குப் போகும். பாரத்தோடு ஊர்ந்து ஏறும்போது மற்ற வகைகளின் கிளட்ச் சீக்கிரம் சூடாகும். அப்புறம், 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் உண்டு, மறக்காதீர்கள்.

பரமக்குடி: பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போது போகலாமா?

ஆடி மாதக் காற்றில் போகாதீர்கள். கேரவன் பக்கவாட்டில் ஒரு சுவர் மாதிரி, காற்று நேராக வந்து மோதும். காவல்கிணறு பக்கமும் இதே கதை. ஆட ஆரம்பித்துவிட்டால் பிரேக் அடிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவும் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள், தானாக அடங்கும்.

செல்லூர்: சித்திரைத் திருவிழாவுக்கு ஜிகர்தண்டா கடை போட ஒரு டிரெய்லர் கட்டலாம் என்று நினைக்கிறேன் அண்ணே. வீட்டில் பொலேரோ இருக்கிறது.

ஊருக்குள் இழுக்கப் போதும் தங்கச்சி. 76 குதிரைத்திறன்தான், ஆனால் லேடர் ஃபிரேம், பின்சக்கர இழுவை. ஐஸ் பெட்டியும் பால் கேனும் ஆக்சிலுக்கு நேர் மேலே வரும்படி கட்டச் சொல்லுங்கள். கேன் பாதி காலியானால் பால் அலைமோதும், திருப்பத்தில் மெதுவாகப் போங்கள். கட்டக் கொடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். வியாபார டிரெய்லருக்கு விதி வேறு.

தேனி: தனி லைசன்ஸ், தனி ஆர்சி வேண்டுமா?

ஆர்சி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 61-ஆம் பிரிவின்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான். அதன் எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். வகை ஒப்புதல் சான்று (அந்த மாடல் விதிப்படி இருக்கிறது என்ற சான்று) இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். லைசன்ஸைப் பொறுத்தவரை, இலகுரக வாகனம் என்பதற்கு 7,500 கிலோ வரம்பு. நம் கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட வராது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொக்கி மாட்டியதை எழுதித் தெரிவியுங்கள்.

திருநகர்: எலெக்ட்ரிக் எஸ்யூவி?

இழுக்கிற பலம் தாராளம். ஆனால் ரேஞ்ச் பாதிக்குப் பக்கம் குறைந்துவிடும். பெரும்பாலான இடங்களில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் சார்ஜ் போட முடியும். இப்போதைக்கு டீசல்.

வாடிப்பட்டி: கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பேரிங். புதிதாகக் கிரீஸ் போட்டுத் தந்ததாக ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி ஒரு முறை கிளம்பினேன். 30 கிலோமீட்டரில் டீ குடிக்க நிறுத்தி, பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதியான ஹப் பக்கம் கையைக் கொண்டுபோனால், தொடுவதற்கு முன்பே அனல். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் ஒரு பக்கத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். அதிலிருந்து முதல் நிறுத்தத்தில் இரண்டு ஹப்பையும் பார்க்காமல் டீ குடிப்பதில்லை. சக்கர நட்டுகளையும் 50 கிலோமீட்டரில் ஒரு தடவை முறுக்குங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமலே டிரெய்லர் டயர் காய்ந்து வெடிக்கும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

அலங்காநல்லூர்: எனக்கு 58 வயது தம்பி. ரிவர்ஸ் எடுப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அக்கா, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள், அவ்வளவுதான். மிக மெதுவாக. கோணம் அதிகமாகிவிட்டால் அடம்பிடிக்காமல் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். நெல் அறுத்த பிறகு களம் காலியாகத்தானே கிடக்கும், இரண்டு செங்கல்லை அடையாளத்துக்கு வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழகுங்கள். சொந்த டிரெய்லர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சொல்லுங்கள், என்னுடையதை மாட்டிக்கொண்டு வருகிறேன்.