எடைப் பத்தியில் கூட்டல் 0 வந்தால்

ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கணக்கில் எடைப் பத்தி முழுக்க எண் இருந்தும், எக்செல்லில் சம் போட்டால் 0 வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஃபார்முலா சரிதாங்க. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டியதில் எண்களெல்லாம் எழுத்தாகப் பதிந்துவிட்டன, எழுத்தை சம் கணக்கில் எடுக்காது. கட்டத்தில் இடது ஓரம் ஒட்டி நிற்கிறதா பாருங்கள், எண்ணாக இருந்தால் வலது ஓரத்தில் நிற்கும்.

முதலில் ஷீட்டை ஒரு நகல் எடுத்து வையுங்கள், விவசாயிக்குப் போய்ச் சேரவேண்டிய காசு இது. அப்புறம் எடைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+எச் அழுத்தி, "65 கிலோ" மாதிரி இருப்பவற்றிலிருந்து "கிலோ"வைத் தேடி, ரீப்ளேஸ் பெட்டியை வெறுமையாக விட்டு எடுத்துவிடுங்கள். அடுத்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் எதையும் மாற்றாமல் ஃபினிஷ். அவ்வளவுதான், கூட்டல் வந்துவிடும்.

வாரா வாரம் இந்தப் பாடு வேண்டாம் என்றால் கன்ட்ரோல்+டி போட்டு டேபிளாக மாற்றி, டேபிள் டிசைன் மெனுவில் டோட்டல் ரோவை டிக் செய்து, அந்த வரிசையில் எடைப் பத்தியின் கட்டத்தில் சம் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் வகையில் விரலியை மட்டும் ஃபில்டர் செய்தால் விரலியின் எடை மட்டும், கிழங்கு என்றால் கிழங்கு மட்டும் கீழே வரும். புது லாட் (சரக்கு) வந்தால் டோட்டல் வரிசைக்கு மேலே உள்ள கடைசிக் கட்டத்தில் டேப் தட்டுங்கள், வரிசை தானே சேர்ந்துகொள்ளும்.